ஓப்பன் டி-க்கு எந்தக் கம்பி?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே செய்த ஆறு கம்பிக் கிட்டாரை ஓப்பன் டி-க்கு, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும் ட்யூனிங்குக்கு, மாற்றும்போது எந்தக் கனத்தில் கம்பி போடுவது என்று பார்ப்போம்.

சுருதியை இறக்கினால் கம்பி தொய்யும், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் உரசி இரையும். அதனால் தடித்த செட் ஒன்றை வாங்கி அப்படியே மாட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. வழக்கமான ட்யூனிங், ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஓப்பன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஐந்தாவதும் நான்காவதும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பாருங்கள். மூன்றாவது ஓர் அரைச்சுரம், அதாவது ஒரு ஃப்ரெட் அளவு, இறங்குகிறது. மற்ற மூன்றும் இரண்டிரண்டு.

கம்பியின் இழுவிசை அதன் சுருதியின் இருமடியைப் பொறுத்தது, விட்டத்தின் இருமடியையும் பொறுத்தது. ஆகவே ஓர் அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். விட்டத்தை 6 சதவீதம் கூட்டினால் பழைய விறைப்பு திரும்பிவிடும். இரண்டு அரைச்சுரத்துக்கு 12 சதவீதம். இந்த ஒரு கணக்குப் போதும்.

இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் 10, 13, 17, 26, 36, 46 செட் (முதல் கம்பியிலிருந்து, விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) கைக்குப் பழகியிருந்தால், முதல் கம்பி 11, இரண்டாவது 14 அல்லது 15, மூன்றாவது 18, ஆறாவது 52. 26-ஐயும் 36-ஐயும் தொடாதீர்கள். தடித்த செட்டில் அந்த இடங்களில் 32-உம் 42-உம் வரும். நான்காவதில் இழுவிசை ஏறக்குறைய பாதி கூடும், ஐந்தாவதில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே வலுவுக்குப் பதிக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராட் இல்லாத நெக் அதைத் தாங்கி நேராக நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் கம்பியின் நீளம். 24 அங்குலம்தான் வருகிறதென்றால் எல்லாக் கம்பிக்கும் இன்னோர் அரைச்சுரம் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீளம் குறைவதன் விளைவும் சுருதியை ஓர் அரைச்சுரம் இறக்குவதும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

மூன்றாவதற்குச் சுற்றுக்கம்பி, அதாவது மேலே மெல்லிய கம்பி சுற்றிய கம்பி, வேண்டுமென்றால் 18 போதாது, 19 அல்லது 20 பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், அதே விட்டத்து வெறுங்கம்பியைவிடச் சுற்றுக்கம்பி எடை குறைவு.

இனி நட். 46-க்கு அறுத்த பள்ளத்தில் 52 சிக்கிக்கொள்ளும். சுருதி கூட்டும் கீயைத் திருப்புவீர்கள், சுருதி நகராது. திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தம், சுருதி எங்கோ தாவி நிற்கும். கீயைக் குறை சொல்ல வேண்டாம். பள்ளத்தைக் கம்பியைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அகலமாக, அடி உருண்டையாக, கீ பக்கம் சரிவாக அராவுங்கள். ஆழம் கூட்டாதீர்கள், கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கம்பி மாறியதும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தை, அதே இடத்து ஹார்மானிக்கோடு (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜை நட்டிலிருந்து விலக்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

ஓப்பன் ஈ கேட்பவர்களுக்கு: அதில் ஐந்தாவதும் நான்காவதும் இரண்டு அரைச்சுரம் ஏறுகின்றன, அதாவது அவற்றின் இழுவிசை 26 சதவீதம் கூடும். அதற்கு 32-உம் 23-உம் தேடுவதைவிட, ஓப்பன் டி-யிலேயே இருந்துகொண்டு இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ மாட்டிவிடுங்கள்.