வாயைக் கட்டுவதா? கையை வீசி நடப்பதா?

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். "நோயில்லாமல் நெடுநாள் வாழப் பெரிதும் கைகொடுப்பது வாயைக் கட்டுவதா, கையை வீசி நடப்பதா?" இதுதான் தலைப்பு. நான் நடக்கிற கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா மைதாவைத் திட்டினார், சீனியைத் திட்டினார், உளுந்து வடையைக்கூட விட்டுவைக்கவில்லை. பேசி முடித்து உட்கார்ந்ததும் விழாக்குழு கொடுத்த கேசரி எங்கே போனது என்று நான் கேட்கமாட்டேன். நடுவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

லண்டனில் சிவப்பு மாடிப் பேருந்து ஓடியதே, அதில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநருக்கு நாள் முழுக்க இருக்கைதான். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மேலும் கீழுமாக அலைந்து, ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறினார். நம்ம சென்னை நடத்துநரை நினைத்துவிடாதீர்கள். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "காசை அப்படியே கைமாத்தி விடுங்க" என்பார், சீட்டும் அதே வழியில் திரும்பி வரும்! அந்த லண்டன் ஊழியர்களை ஆராய்ந்த ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்: இதய நோய் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்குக் குறைவு, வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. அஞ்சல் துறையிலும் இதே கதைதான். வீடு வீடாகப் போன தபால்காரர், மேசையில் இருந்த எழுத்தரைவிடத் தப்பித்தார்.

"தொப்பைக்காரர்தானே ஓட்டுநர் வேலைக்குப் போயிருப்பார்?" என்று எதிரணி மடக்கலாம். சிரமம் வேண்டாம், மோரிஸே அதைக் கேட்டார். சீருடைக் கணக்கை எடுத்துக் கால்சட்டை இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர் இடுப்பு பெரிசுதான், உண்மை. ஆனால் ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் படி ஏறியவர் பக்கமே தராசு சாய்ந்தது. அந்த மோரிஸ் 99 வயது வரை இருந்தார், ஐயா.

"பசித்துப் புசி" என்றார் எதிரணி அம்மா. அருமை. பசி எங்கிருந்து வரும்? சோபாவிலிருந்தா? காலை இட்லி நெஞ்சிலேயே நிற்கும்போது மணி ஒன்றானதே என்று தட்டை எடுப்பவர்கள்தானே நாமெல்லாம்!

நெடுநாள் வாழ்வதற்குப் பேர்போன ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்காரர்கள் வயிறு நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்ததும் எழுந்துவிடுவார்கள் என்றும் எதிரணி அம்மா சொன்னார். சரி, எங்கிருந்து எழுந்தார்கள்? தரையில் விரித்த பாயிலிருந்து! அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார்கள், தோட்டத்தில் எவ்வளவு நேரம் குனிந்து நிமிர்ந்தார்கள் என்பதை எதிரணி அம்மா வசதியாக விட்டுவிட்டார். நம் வீட்டில் பாய் போய் டைனிங் டேபிள் வந்தது. முட்டியும் போனது.

சர்க்கரை உள்ளவர் வாயைக் கட்டத்தான் வேண்டும். அதை மறுத்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வேலை செய்யும் கால் தசை, இன்சுலின் தயவை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாய் செய்த தப்புக்குக் கால் கட்டுகிற அபராதம்!

"தினம் பத்தாயிரம் அடி எடுத்துவைத்து நடக்க நேரம் ஏது?" என்கிறீர்களா? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி". அங்கிருந்து பரவிய எண் அது, மருத்துவர் எழுதிய சீட்டு அல்ல. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500ஐத் தாண்டினால் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. கடைக்கு வண்டியை எடுக்காமல் போய்வந்தாலே பாதி தேறிவிடும்.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. "உட்காருங்கள்" என்கிறீர்கள். இத்தனை நேரம் பேசிவிட்டு அதை மட்டும் எப்படிச் செய்வேன்? மேடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். கேசரி மிச்சமிருந்தால் எடுத்து வையுங்கள்.