அடுத்த வருடமும் வருவீர்களா?

வணக்கம் நேயர்களே. அலாஸ்காவின் தென்மேற்கு மூலையில் யூகான், கஸ்கோக்விம் என்று இரண்டு பெரிய ஆறுகள் கடலில் கலக்கின்றன. அந்தச் சதுப்புச் சமவெளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கிராமங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் யூபிக் பழங்குடி மக்களின் ஊர்கள். அவற்றில் ஒன்றில் நான் கணக்கு ஆசிரியராக வேலை பார்த்தேன். அங்கே போகலாமா என்று என்னிடம் கேட்கும் இளம் ஆசிரியர்கள் எல்லோரும் குளிரில்தான் தொடங்குகிறார்கள். அதனால் குளிரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைனஸ் 30 டிகிரி வரும். மரமே இல்லாத நிலம் என்பதால் காற்றுக்குத் தடையே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் கதகதப்பாக இருக்கும். ஆசிரியர் குடியிருப்பு பள்ளியை ஒட்டியே இருக்கும். நல்ல பூட்ஸும் தடித்த கோட்டும் இருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். டிசம்பரில் சூரியன் உதிக்கவே காலை பதினொரு மணி ஆகிவிடும். முதல் இரண்டு பாடவேளை இருட்டிலேயே நடக்கும். அதுவும் பழகிவிடும்.

சாலை கிடையாது. அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து சுமார் 640 கிலோமீட்டர் பறந்து பெத்தல் என்ற ஊருக்கு வர வேண்டும். அங்கிருந்து சின்ன விமானம். மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அரிசி, பருப்பு எல்லாம் தபாலில் வரும். குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலையாகிவிடும். அதன்மேல் லாரி ஓடும்.

சரி, கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். 1970களின் நடுப்பகுதி வரை இந்தக் கிராமங்களில் பெரும்பாலானவற்றில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பிள்ளையை விமானத்தில் ஏற்றி விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தீவில் இருக்கும் சிட்கா நகரத்துக்கு அனுப்பினார்கள். ஆரிகன் மாநிலம் வரைக்கும்கூட அனுப்பினார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெற்றோர் அடுத்த கோடையில்தான் பார்ப்பார்கள். தாய்மொழி பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை வாங்கிய தலைமுறை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

எம்மோனாக் என்ற கிராமத்து மாணவி மோலி ஹூட்ச். அவர் பெயரில் 1972இல் மாநிலத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1976இல் உடன்படிக்கை வந்தது: 126 கிராமங்கள் விரும்பினால் தங்கள் ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி பெறலாம். நான் நின்று பாடம் நடத்திய வகுப்பறை அந்த வழக்கால் வந்தது. ஆகவே அங்கே பள்ளிக்கூடம் என்பது ஊர் போராடி வாங்கிய சொத்து. 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் கிப்னுக், க்விகில்லிங்கோக் கிராமங்களைப் புரட்டிப்போட்டபோது மக்கள் ஓடி நுழைந்த இடமும் பள்ளிக்கூடம்தான்.

அப்படிப்பட்ட பள்ளிக்கு ஆகஸ்டில் வந்து மே மாதம் பெட்டி கட்டிப் போகிற ஆசிரியர்கள் ஏராளம். ஒரு மாணவி மார்ச் மாதத்தில், இயற்கணிதக் கணக்கு ஒன்றின் நடுவே, "அடுத்த வருடமும் வருவீர்களா?" என்று கேட்டாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி இது. யார் தங்குவார், யார் போவார் என்று தெரியும்வரை அவர்கள் மனசைத் திறப்பதில்லை. அதில் தவறு சொல்ல எனக்கு வாய் வராது. வருடா வருடம் விட்டுப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

தங்குகிறவருக்குக் கிடைப்பது வேறு. யூபிக் பிள்ளைகள் "ஆமாம்" என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். புதியவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். பிள்ளை பதில் சொல்லி முடித்திருக்கும். இரண்டாம் வருடத்தில் இதெல்லாம் தானாகவே கண்ணில் படும். செப்டம்பரில் ஒரு பையன் வரவில்லை என்றால் அப்பாவோடு மூஸ் மான் வேட்டைக்குப் போயிருக்கிறான் என்று புரியும். திரும்பி வந்ததும் படகுக்கு எவ்வளவு பெட்ரோல் ஆனது, எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டு, அதையே விகிதக் கணக்காக்கலாம். சால்மன் மீன் உலர்த்தும் முகாமுக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள். கூடைப்பந்து ஆட்டம் எதையும் தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஊரே கூடுவது அங்கேதான்.

அப்புறம், உங்கள் வகுப்பில் உதவி ஆசிரியையாக உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெண்மணி. பல தலைமை ஆசிரியர்கள் வந்துபோனதைப் பார்த்தவராக இருப்பார். எந்த வீட்டில் என்ன துக்கம் என்று அவருக்குத் தெரியும். முதல் வாரமே அவரிடம் யோசனை கேளுங்கள். இவரைப் போன்றவர்கள் பட்டம் பெற்று முழு ஆசிரியர்களாவதுதான் நிரந்தரத் தீர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெத்தலில் அயாப்ருன் என்ற பள்ளியில் யூபிக் மொழியிலேயே பாடம் நடக்கிறது. அந்த வழியில் இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

அதுவரை வெளியாட்கள் தேவை. இன்று அந்தக் கிராமங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வருவது ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில். மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து. அதற்குமேல் இருக்க விரும்பினாலும் கிளம்ப வேண்டும். நானும் அந்த விசாவில் போனவன்தான். நீட்டிப்பும் தீர்ந்த பிறகே திரும்பினேன்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வருட அனுபவத்துக்காக என்றால் தயவுசெய்து வேண்டாம். மூன்று வருடமாவது இருப்பேன் என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தால், நேர்காணலில் சம்பளத்தைக் கேட்கும் முன், கிராமத்தின் பெயரையும் அந்த வகுப்பில் போன வருடம் யார் இருந்தார், ஏன் போனார் என்பதையும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.