கயிறு சிக்கிய ஈஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், நான் அவ்வளவு உயரம் இல்லை. சரி.

ஈஸ்டரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மறையுரை சொல்லச் சாமியார் இருக்கிறார், அவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் அதில் கைவைக்க மாட்டேன். தங்கச்சிமடத்தில் கூட்டாளிகளோடு ஈஸ்டர் கொண்டாடி வளர்ந்த கதை வேண்டுமானால் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகராது. ஈஸ்டர் மட்டும் ஒரு வருஷம் மார்ச் கடைசியில் வரும், இன்னொரு வருஷம் ஏப்ரல் 20-ல் வரும். சின்ன வயதில் இது பெரிய குழப்பம். கடலுக்குப் போகிற அப்பாதான் தெளியவைத்தார். மார்ச் 21-லோ அதற்கப்புறமோ வருகிற முதல் பௌர்ணமியைப் பிடி, அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அவ்வளவுதான் என்றார். 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாடுவோம் என்று முடிவெடுத்த சங்கதியெல்லாம் அவருக்குத் தெரியாது. நிலா தேய்வதையும் வளர்வதையும் நீரோட்டத்துக்காகத் தினமும் கவனிக்கிற மனுஷருக்கு அந்தக் கணக்கு புதிதாக இல்லை.

எங்கள் செட்டில் மூன்று பேர். நான், படகு எஞ்சின் மெக்கானிக்கான பாய், பனங்காட்டுக்காரன் ஒருத்தன். பங்குனி பிறந்தாலே மாலை போட்டுக்கொள்வதால் இவனுக்குப் பெயரே சாமி. குருத்தோலை ஞாயிறுக்கு எங்கள் கோவிலுக்கு வருகிற ஓலையில் பாதி அவன் தோப்புப் பனைதான். அந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகிவைப்போம், அடுத்த வருஷம் அதைத் திரும்ப வாங்கி எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். ஆக, தவக்காலத்தை நான் ஆரம்பிப்பதே அவன் பனையை நெற்றியில் பூசிக்கொண்டுதான்!

2024-ஐ மறக்கவே முடியாது. மார்ச் 24 குருத்தோலை ஞாயிறு. மறுநாள் பௌர்ணமி, பங்குனி உத்திரம், சாமி காவடி எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வழிவிடு முருகன் கோவிலுக்குப் போய்விட்டான். பாய்க்கோ ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. 29-ஆம் தேதி பெரிய வெள்ளி, பாய்க்கும் ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகை. மத்தியானம் சிலுவைப்பாதை முடிந்து வெறுங்காலில் சூடு தாங்காமல் ஓடிவந்து நான் மாங்காய் ஊறுகாயோடு கஞ்சி குடித்தேன், சாயங்காலம் பாங்கு சொன்னதும் பாய் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். ஒரே நாளில் இரண்டு கஞ்சி. ருசியில் பள்ளிவாசல் கஞ்சிதான் ஜெயித்தது, சாமியார் மன்னிக்க வேண்டும்.

அடுத்த நாள் ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாடு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசலில் புதுத்தீ மூட்டி, பெரிய மெழுகுதிரியில் அந்த வருஷத்தின் நாலு இலக்கங்களையும் கீறி, அதிலிருந்து ஒவ்வொருவர் மெழுகுவர்த்தியாகப் பற்றவைத்துக்கொண்டு வருவார்கள். கடற்கரைக் கோவிலில் இது லேசான காரியமில்லை. காற்று பத்து மெழுகுவர்த்தியை அணைக்கும், பக்கத்து ஆளிடம் மறுபடி பற்றவைக்க வேண்டும், உருகின மெழுகு விரலில் சொட்டும், சின்னப் பிள்ளைகள் முன்னால் நிற்கும் அக்காவின் கூந்தலைப் பொசுக்காமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டும். வியாழன் ராத்திரியிலிருந்து ஊமையாகக் கிடந்த மணி 'உன்னதங்களிலே' பாடும்போது மொத்தமாக அடிக்கும், அதே நேரம் திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கயிற்றில் மேலே எழ வேண்டும்.

அங்கேதான் வினை. நான் பத்தாவது படிக்கும்போது கப்பியில் கயிறு சிக்கி, சுரூபம் பாதிக் கல்லறையில் நின்றுவிட்டது. பாடகர் குழு அதே பல்லவியை ஐந்து தடவை பாடிவிட்டது, வெளியே வெடி வெடித்துத் தீர்ந்தே போய்விட்டது, ஆண்டவர் இடுப்புக்கு மேல் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்து கடைசி வரிசையில் நின்ற பாய்தான் பின்பக்கமாக ஓடி, கப்பியைத் தட்டி, கயிற்றை இழுத்துவிட்டான். அன்றிலிருந்து அது அவன் வேலை. 2024-லும் நோன்பு மாத ராத்திரித் தொழுகையான தராவீஹ் தொழுதுவிட்டு வந்து கப்பிக்குக் கிரீஸ் போட்டான். ஞாயிறு எங்கள் வீட்டு இடியாப்பமும் கறிக்குழம்பும் அவனுக்காக நோன்பு திறக்கிற மக்ரிப் நேரம் வரை காத்திருந்தன. மாலை கழற்றியிருந்த சாமி காத்திருக்கவில்லை, மத்தியானமே இரண்டு ரவுண்டு.

இப்போது என் மகள் போனைப் பார்த்துவிட்டு முட்டைக்குச் சாயம் பூச வேண்டும் என்கிறாள். பூசட்டும். அவித்து, உரித்துக் குழம்பில் போட்டுவிடலாம்.

இந்த வருஷமும் ராத்திரி பதினொரு மணிக்குத் தீ மூட்டுகிறோம். கயிறு புதுசு, நைலான், படகுக் கயிறு. பாய்க்கு இப்போது நோன்பு இல்லை என்பதால் நடுவில் டீ கேட்பான், பீடத்துக்குப் பின்னால் யாராவது ஒரு பிளாஸ்க் வைத்துவிடுங்கள்.