ஊர் ஜனங்க காசு போட்டு வாங்கின சர்ச்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துல செவர்ன் ஆறும் ஏவான் ஆறும் சேர்ற எடத்துல ட்யூக்ஸ்பரின்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, ஆனா அந்த ஊர் சர்ச்சு கோபுரம் 148 அடி ஒசரம்! இது ஆரம்பத்துல பெனடிக்ட் சபைத் துறவிகளோட மடம். 1102ல கட்ட ஆரம்பிச்சாங்க, பிரான்ஸ்ல கான்ங்கற ஊர் பக்கத்துலேர்ந்து கல்ல வெட்டி, கப்பல்ல ஏத்தி, கடல் தாண்டி, செவர்ன் வழியா கொண்டுவந்து கட்டி, 1121ல பிரதிஷ்டை பண்ணாங்க.

1471ல இங்கிலாந்து சிம்மாசனத்துக்காக ஊருக்கு வெளியவே பெரிய சண்டை, தோத்தவங்க அடைக்கலம்னு சர்ச்சுக்குள்ள ஓடி வந்தாங்க, அவங்களையும் விடாம வெளிய கொண்டுபோய் தலைய வெட்டிட்டாங்க. மனசு ஆறாத விஷயம் அது.

அப்புறம் ராஜா எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோட உறவ முறிச்சுக்கிட்டு, நாட்டுல இருந்த மடங்கள மூடி சொத்தெல்லாம் எடுத்துக்கிட்டாரு. நெலம், வெள்ளி மட்டும் இல்லீங்க, கூரை மேல போட்ட ஈயத் தகடு, மணி இதெல்லாங்கூட காசுதான், ஈயத்த உரிச்சுட்டா மழை எறங்கி கட்டடம் தானா இத்துப் போயிடும், நிறைய மடம் அப்படித்தான் குட்டிச்சுவராச்சு. ட்யூக்ஸ்பரி மடம் 1540 ஜனவரியில சரண்டர் ஆச்சு. மடாதிபதி ஜான் வேக்மேன் மறுவருஷமே குளோஸ்டர் பிஷப் ஆயிட்டாரு.

ஆனா ஊர் ஜனங்க விடல. கிழக்குப் பக்கம்தான் துறவிகளுக்கு, மேற்குல பெரிய தூண் வரிசை இருக்கற மண்டபம் ரொம்ப காலமா எங்க பங்குக் கோயில், அதாவது ஊர் ஜனங்க கும்புடற சர்ச், அத இடிக்க உங்களுக்கு உரிமை இல்லன்னு நின்னாங்க. மிச்சப் பாதிக்கு, அந்த ஈயத்துக்கும் மணிக்கும் என்ன வெலையோ அந்த 453 பவுண்ட குடுத்து வாங்கிட்டாங்க. அந்தக் காலத்துல அது பெரிய தொகை! எனக்கு இந்த சர்ச்சுல கோபுரத்த விட பெருசா தெரியறது இந்த வாதம்தான், ஏன்னா பக்தி மட்டும் இருந்தா பத்தாது, எது நம்மளுதுன்னு தெரிஞ்சு கேக்கவும் தெரியணும். துறவிகள் நடந்த தாழ்வாரமும் கிழக்குக் கோடியில இருந்த மாதா சிற்றாலயமும் மட்டும் தப்பல, இடிச்சுட்டாங்க.

1877ல இந்த சர்ச்ச புதுப்பிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்ட வில்லியம் மோரிஸ்ங்கற கவிஞர், பழச சுரண்டி புதுசாக்காதீங்க, பாதுகாத்தா போதும்னு பத்திரிகைக்கு லெட்டர் எழுதினாரு. அதே வருஷம் பழங்கட்டடப் பாதுகாப்புக்குன்னு அவர் ஆரம்பிச்ச சங்கம் இன்னமும் இங்கிலாந்துல வேலை செய்யுது, சர்ச்சுலயும் இன்னிக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசை நடக்குது.