முன்னால் தடுப்பதா, பின்னால் வழக்குப் போடுவதா? அமெரிக்க வாக்குரிமைச் சட்டம்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு 1965-லேயே வாக்குரிமை கொடுத்துவிட்டார்களே, அதன் பிறகும் அதைப் பற்றி இரண்டு கட்சிகளும் ஏன் அடித்துக்கொள்கின்றன?"

கேள்விக்குள்ளேயே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. உரிமை 1965-ல் வந்ததல்ல. 1870-லேயே, பதினைந்தாவது அரசியல் சட்டத் திருத்தத்தில் வந்துவிட்டது. வந்தது காகிதத்தில். தென் மாநிலங்கள் அதை எழுத்தறிவுத் தேர்வு, தேர்தல் வரி (வரி கட்டினால்தான் வாக்கு) என்று வைத்தே சாகடித்தன. தேர்வு வைப்பவர் உள்ளூர் அலுவலர். யார் தேறினார் என்று சொல்பவரும் அவரேதான். 1965-க்கு முன் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் 100-க்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இருக்கவில்லை. வழக்குப் போட்டு ஒரு விதியை உடைத்தால், வேறு பெயரில் அதே விதி மறுபடியும் வந்து நிற்கும்.

1965-ம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. அதன் ஐந்தாவது பிரிவு என்ன சொன்னது? பழைய வரலாறு மோசமாக உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு நகர்த்தினாலும்கூட, வாஷிங்டனிடம், அதாவது மத்திய அரசிடம், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 'இதனால் யாருக்கும் பாதிப்பில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்துடையது, பாதிக்கப்பட்டவருடையது அல்ல. எல்லாமே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பேன். இரண்டே ஆண்டுகளில் மிசிசிப்பியின் அந்த 7, கிட்டத்தட்ட 60 ஆயிற்று.

இதில் கட்சிச் சண்டையும் இருக்கவில்லை. 2006-ல் சட்டத்தை நீட்டித்தபோது மேலவையான செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்.

பிறகு வந்தது ஷெல்பி கவுண்டி வழக்கு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அலபாமாவில் உள்ள அந்தக் கவுண்டியில் கலேரா என்று ஒரு சிறிய ஊர். ஊர் எல்லையை விரித்து, வார்டுகளை மாற்றி வரைந்தார்கள். நகர மன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் 2008-ல் தோற்றுப்போனார். மத்திய அரசின் நீதி அமைச்சகம் அந்த வரைபடத்துக்கு அனுமதி தர மறுத்திருந்ததால் தேர்தலை மறுபடி நடத்த வேண்டிவந்தது. அவர் திரும்பவும் வென்றார். ஐந்தாவது பிரிவு வேலை செய்த விதம் இதுதான். அந்தக் கவுண்டியே போட்ட வழக்கில்தான், 2013 ஜூன் 25 அன்று, உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதன் உயிர்நாடியை அறுத்தது: எந்த மாநிலம் அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கே செல்லாது என்றது.

தீர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு அறுபதுகள், எழுபதுகளின் புள்ளிவிவரத்தில் நின்றுபோயிருந்தது. முதலில் பட்டியலில் வந்த ஆறு மாநிலங்களில் ஐந்தில், 2012-ல் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரே அதிக விகிதத்தில் வாக்களித்திருந்தார்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார். தீர்ப்பை ஏற்காத நீதிபதி கின்ஸ்பர்க் கொடுத்த பதில் பிரபலம்: கொட்டும் மழையில், 'நான்தான் நனையவில்லையே' என்று குடையைத் தூக்கி எறிவதைப் போன்றது இது என்றார்.

தீர்ப்பு வந்த அன்றே, வாக்களிக்க அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று, அதுவரை அனுமதி கிடைக்காமல் கிடந்த தன் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக டெக்சாஸ் அறிவித்தது. துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி அடையாள அட்டை செல்லாது. 2014 தேர்தல் அந்தச் சட்டப்படியே நடந்தது. அதனால் சிறுபான்மையினர் பாதிக்கப்படுகிறார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2016-ல். அலபாமா தொகுதி வரைபடமும் அப்படியே: 2022 தேர்தல் முடிந்த பிறகு, 2023-ல்தான் அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் ராபர்ட்ஸ்தான்! வழக்குப் போட்டவர்கள் வென்றது உண்மை. ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் வந்து என்ன பயன்?

புதிய கணக்கை நாடாளுமன்றம் எழுதிக்கொள்ளலாம் என்று 2013 தீர்ப்பே வழிவிட்டிருந்தது. ஜனநாயகக் கட்சி முயன்றது. ஆனால் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். 2022 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்தப் பார்த்தார்கள். அவர்கள் கட்சியிலேயே ஜோ மான்சின், கிர்ஸ்டன் சினெமா என்ற இரண்டு செனட்டர்கள் மறுத்ததால் 52-48 என்று தோற்றது.

இங்கே ஒரு வேடிக்கை. அப்போது குடியரசுக் கட்சி சொன்ன வாதம், 'தேர்தல் மாநிலங்களின் வேலை, வாஷிங்டன் தலையிடக் கூடாது'. அதே கட்சி 2025 ஏப்ரலில், வாக்காளராகப் பதிய குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு மசோதாவைக் கீழவையில் நிறைவேற்றியது. இப்போது மாநில உரிமை பேசுவது ஜனநாயகக் கட்சி. கொள்கை என்று இருவரும் சொல்வதை நான் முழுதாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது ஏற்கெனவே குற்றம். 'ஆவணம் கேட்டால் என்ன தவறு, நம் ஊரிலும் கேட்கிறார்களே' என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே எல்லோர் கையிலும் பாஸ்போர்ட் இல்லை. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே இருக்கும். கான்சாஸ் மாநிலம் இதைச் செய்து பார்த்தது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விண்ணப்பம் முடங்கியது; அவர்களில் பெரும்பாலோர் குடிமக்களே. 2018-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குள் அங்கே எத்தனை தேர்தல் முடிந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, அடுத்த கேள்வி.