வாழ்க்கை நம்மைக் கேட்கும் கேள்வி

சேலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இளம் நண்பர்களே!

"வாழ்ந்து என்ன பயன்?" என்று இளைஞர்கள் கேட்டால் அதை வெறும் விரக்தி என்று நான் ஒதுக்குவதில்லை, வேலை கிடைத்து, வீடு கட்டி, கடனையும் அடைத்து முடித்தவர்களும் அதே கேள்வியோடு நிற்பதைப் பார்க்கிறோம். 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டு உயிர்மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல், இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். வாழ்க்கைதான் நம்மைக் கேள்வி கேட்கிறது, செயலால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் என்றார். முகாமில் பறிபோன தம் நூலின் கையெழுத்துப்படியை, கடுங்காய்ச்சலில் கிடந்தபோதும், துண்டுக் காகிதங்களில் குறிப்பெழுதி மீட்க முயன்றவர் அவர்.

நம் ஊருக்கு வருவோம். இந்நகரில் வக்கீல் தொழிலில் பேரும் பொருளும் ஈட்டி, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925-இல், அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்கு அருகே, புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி அங்கேயே குடியேறினார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு; அது வேறு கதை. மழை பொய்த்த அந்த வட்டாரத்துப் பெண்கள் நூற்ற நூலைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியும் மறுபடி நூற்கப் பஞ்சும் வாங்கிப் போனார்கள். நூலை எடைபோட வேண்டும், முறுக்கைப் பார்க்க வேண்டும், கூலியைக் கணக்கில் எழுத வேண்டும். தேச விடுதலை என்ற பெருங்குறிக்கோள் அன்றாடம் இறங்கி நின்ற இடம் அந்தத் தராசுத் தட்டுதான். எடையில் பொய் இருந்தால் குறிக்கோளும் பொய்யாகிவிடும். மேடையில் தொண்டு பேசும் என் போன்றவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர்மக்கள் சேர்ந்து சீரமைத்தார்கள். தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் அடைகின்றன. மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குப் பொன்னாடை கிடைத்தது? கிடைக்காதது நல்லதற்கே என்பேன், ஏனெனில் பொன்னாடைக்காக வந்தவர் அது கிடைத்த மறுநாள் வரமாட்டார்.

அதற்காக, பெற்றோரைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கு உழைக்கச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுது போதும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடக்கிறது. மழைக்கு முன் அள்ள ஆள் வேண்டும். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடையருகே பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.