சாய்ந்த மரத்தை நகர்த்தும் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம். காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்துத் துண்டு போடுவதோடு வேலை முடிவதில்லை. அந்தத் துண்டுகளை அப்புறப்படுத்தும்போதுதான் பலருக்குக் கையும் காலும் நசுங்குகின்றன. அதற்கான கைக்கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

கருவியைத் தொடுவதற்கு முன் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஈரம் காயாத மரம் ஏறக்குறைய தண்ணீரின் கனம் இருக்கும் என்று கொண்டால், ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள துண்டு 200 கிலோவைத் தாண்டிவிடும். விட்டம் இரண்டடியானால் எடை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகவே, தூக்குவதை விட்டுவிட்டு நெம்புவதையும் உருட்டுவதையும் பற்றியே நாம் யோசிக்க வேண்டும்.

நெம்புவதற்குக் கடப்பாரை. கனத்தை விட நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆறடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரையடி தள்ளி முட்டுக் கொடுத்தால், நம் பலம் பதினொரு மடங்காகிறது. 200 கிலோத் துண்டின் ஒரு முனையை மட்டும் கிளப்புவதற்கு, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலமே போதும்.

ஆனால் கடப்பாரையை விட முக்கியமானது அதற்கு அடியில் வைக்கும் முட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, பேராவூரணிப் பக்கம் இருந்த எங்கள் தென்னந்தோப்பில் பெரும்பாலான மரங்கள் சாய்ந்துவிட்டன. வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்த ஓர் அடித்துண்டை நானும் என் சித்தப்பாவும் நெம்பினோம். அவசரத்தில் கையில் கிடைத்த செங்கல்லையே முட்டாக வைத்திருந்தோம். துண்டு நாலு விரற்கடை எழும்பியபோது செங்கல் பொடிந்தது. கடப்பாரை கையை விட்டுத் தெறித்தது. துண்டு சித்தப்பாவின் பாதத்தின் மேல் இறங்கியது. கட்டைவிரல் எலும்பு முறிந்து, அவர் மூன்று மாதம் நொண்டி நடந்தார். மறுநாள் வந்த வயதான மரம்வெட்டி ஒருவர், ஈரமண்ணில் முதலில் ஒரு பலகையைப் பரப்பி, அதன்மேல் கருவேலங்கட்டை ஒன்றை வைத்து, அதே துண்டைத் தனியாளாகக் கிளப்பினார். கிளப்பும் ஒவ்வொரு முறையும் கல்லைத் திணித்துவிட்டுத்தான் அடுத்த நெம்பு நெம்பினார். செங்கல்லை முட்டாக வைக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன், செங்கல் வேண்டாம்.

உருட்டுவதற்கு, நீண்ட மரப்பிடியில் அசையும் இரும்புக் கொக்கி பொருத்திய கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஆற்றில் மரம் மிதக்கவிட்டுக் கொண்டுசென்றவர்கள் பழைய கொக்கி பக்கவாட்டில் ஆடியதால் தடுமாறியதைக் கண்ட ஜோசப் பீவி என்ற கொல்லர், 1850-களில் அது மேலும் கீழும் மட்டும் அசையும்படி செய்து, பிடியின் நுனியில் கூரான முள்ளையும் பொருத்தினார். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையிலும் இதை அடித்து வாங்கலாம். துண்டு பருமனாக இருந்தால் கொக்கியின் வாயும் அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடிக்காமல் வழுக்கிவிடும். தென்னையின் அடிப்பக்கம் பருத்திருப்பதால் அது நேராக உருளாமல் நுனிப்பக்கமாக வளைந்து திரும்பும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கயிற்றைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு நிமிடம்தான் இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். வண்டியில் ஏற்ற, இரண்டு சாய்வுக் கட்டைகளை வண்டியோடு சாத்துங்கள். இரண்டு கயிறுகளின் முனைகளை வண்டியில் கட்டி, துண்டுக்கு அடியில் செலுத்தி, மேலாகத் திருப்பி இழுத்தால் துண்டு தானே உருண்டு ஏறும். இழுக்கும் பளுவும் பாதியாகும். துண்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. இழை அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வணக்கம்.